குளிர்தல் பாடம் சாய்ஸில் விடப்பட்ட வருடம்

அந்த வருடம் ஊரில் எதுவும் ஆறவில்லை. காலையில் கோப்பையில் ஊற்றி மறந்துபோன டீ, சாயங்காலம் எடுத்துக் குடித்தாலும் நாக்கைச் சுட்டது. இஸ்திரிக் கடைக்காரர் திங்கட்கிழமை ஒரு தடவை பெட்டியைச் சூடாக்கிக்கொண்டால் சனிக்கிழமை வரை அதே சூட்டில் தேய்த்தார். ஃபிரிட்ஜுக்குள் ஜனங்கள் செருப்பும் பழைய பேப்பரும் வைக்க ஆரம்பித்தார்கள். காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நடக்கும் அறிவியல் ரிவிஷனில் குளிர்தல் பாடம் நடக்காமல் போய்விட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் ஊர்க்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள், மோட்டார் ரிப்பேர், அதனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில்.

அந்த வட்டாரத்துக்கு இது பழகிய சங்கதி. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லா ஊர்களுக்கும் அது ஒன்றுதான் உயர்நிலைப் பள்ளி. பரீட்சைக்கு முன்னால் அங்கே எந்தப் பாடத்தைத் திரும்பப் பார்த்து, வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொல்லி முடிக்கிறார்களோ, அந்தப் பாடத்தின் விதி அடுத்த ரிவிஷன் வரை அங்கே வேலை செய்யும். போன வருடத்து ஞாபகம், இந்த வருடம் அதே பாடத்துக்கு ஒதுக்கிய பீரியட் முடிந்து மணி அடிக்கும் வரைதான் தாங்கும். அதற்குள் புதுப்பித்துவிட வேண்டும். பெரும்பாலும் புதுப்பித்துவிடுவார்கள், எப்போதாவது சறுக்கும். முன்பு இருந்த வாத்தியார் ஒருவர் பல்வலியோடு உராய்வுப் பாடத்தை ஒப்புக்கு ஓட்டிவிட்டுப் போன வருடம், போட்ட முடிச்செல்லாம் தானாக அவிழ்ந்தது, ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இன்னொரு வருடம் ஒளி எதிரொளிப்பு விதியைப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டே சொன்னதில், கண்ணாடிகள் கொஞ்சம் தாமதமாகக் காட்டின. முடிவெட்டும் கடையில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் இருக்கிறவர் வெட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஒலிப் பாடத்தைத் தவறிப்போய் இரண்டு தடவை நடத்திய வருடம் பேசியதெல்லாம் இரண்டு தடவை கேட்டது. வீட்டுச் சண்டைகள் இழுத்துக்கொண்டே போயின. எல்லாவற்றையும் ஊர் தாங்கிக்கொண்டு அடுத்த ரிவிஷனுக்குக் காத்திருந்தது.

இப்போது இருந்த அறிவியல் வாத்தியாரை ரிவிஷன் சார் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். வருடம் முழுக்க அவர் நடத்துகிற பாடம் கொட்டாவி வரவழைக்கும் என்பதைப் பிள்ளைகள் மறைத்ததில்லை. ஆனால் ரிவிஷன் என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒரு கரும்பலகை, ஒரு படம், ஒரே ஒரு வாக்கியம். அதற்கு மேல் ஒரு கோடு போட மாட்டார். அடர்த்திக்கு ஒரே அளவில் இரண்டு பெட்டி வரைவார், ஒன்றில் பஞ்சு, ஒன்றில் ஆணி. நிலைமத்துக்கு, சட்டென்று நின்ற பஸ்ஸும் முன்னால் போய் விழுகிற கண்டக்டரும். திசைவேகத்துக்கு ஒரு சைக்கிளும் அது போகும் பக்கம் காட்டும் அம்பும். வரைந்து முடித்ததும் டஸ்டரால் மேசையைத் தட்டுவார். வகுப்பில் ஒருவர் எழுந்து வாக்கியத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்லி முடிக்க வேண்டும். முன்பாதி சொல்கிறவருக்கு முதல் குரல் என்று பெயர். அந்த வருடம் முதல் குரலாக இருந்தது அவருடைய சொந்த மகள். வாத்தியார் மகள் என்பதற்காகக் கிடைத்த பதவி இல்லை அது. அவள் குரல் அப்படி.

ஊரே அவளை மைக் என்றது. அவள் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் தெருமுனைப் பேக்கரியில் இருந்து பதில் வரும். பாடங்களை நடந்துகொண்டேதான் படிப்பாள். அதுவும் அம்மா எங்கே வேலை செய்கிறாளோ அங்கே போய் நின்றுகொண்டு. அம்மா ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து பாத்திரம் தேய்க்கிறவளின் முதுகுக்குப் பின்னால் நின்று மகள் ஒளிவிலகலையும் மின்தடையையும் கத்திக்கொண்டிருப்பாள். நர்ஸம்மாவுக்குத் தெரிந்த இயற்பியல் எல்லாம் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து காதில் விழுந்ததுதான். மைக்கிடம் ஒரே ஒரு குறை, காலையில் எழுந்திருக்க மாட்டாள். எழுந்தாலும் படுக்கையை மடிக்க மாட்டாள். போர்வையைத் தலையணை வரை இழுத்து மூடிவிட்டு, உள்ளே யாரோ இன்னும் தூங்குகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்துவிட்டு ஓடுவாள். அம்மா அதற்காகத் திட்டாத நாள் இல்லை.

வெப்பத்தைச் சார் இரண்டு நாளாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் நாள் சூடேறுதல், அடுத்த நாள் குளிர்தல். சூடேறுதல் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் காலை அவர் முதலில் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். மகள் வழக்கம்போலப் போர்வையை இழுத்து மூடிவிட்டு, தலையைப் பாதி வாரிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். சந்தை முனையில் ஒரு லாரி திரும்பியது. அந்த நேரத்தில் சார் பலகையில் ஒரு கோப்பையும் அதன் மேல் மூன்று ஆவிக் கோடுகளும் வரைந்து முடித்து, டஸ்டரால் மேசையைத் தட்டியிருந்தார். முதல் குரல் வரவில்லை. மைக்குக்கு இன்றைக்குக் கரண்ட் இல்லை போல என்று பின் பெஞ்சில் யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது, சாரும் சிரித்தார். வேறு யாரையாவது எழுப்பிச் சொல்ல வைத்திருக்கலாம். அவள் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று கொஞ்சம் காத்திருந்தார். அப்போதுதான் பியூன் வாசலில் வந்து நின்று, சார் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றார். சார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார். பீரியட் முடிந்து மணி அடித்தபோது பலகையில் கோப்பை இருந்தது, வாக்கியம் இல்லை. தலைமை ஆசிரியை வகுப்புக்கு வந்து, அந்தப் பாடத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும், அதற்கும் மாற்றுக் கேள்வி இருக்கும், சாய்ஸில் விட்டுவிடுங்கள், சார் வந்ததும் அவரைப் போட்டு நோண்டாதீர்கள் என்று அழுதுகொண்டே சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். அந்த நேரத்தில் யாருக்கு விதி ஞாபகம் வரும்.

ஆஸ்பத்திரியில் மகளைக் கொண்டுவந்து கிடத்தியபோது அவள் உயிர் போயிருந்தது. நர்ஸம்மா வார்டிலிருந்து இறங்கி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. மத்தியானம் ஆயிற்று, கை சூடாகவே இருந்தது. சாயங்காலம் ஆயிற்று, அப்போதும் சூடாக இருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ பேர் உடம்பு சில்லிடுவதைத் தொட்டுப் பார்த்தவள் அவள். உடம்பு சூடாயிருக்கு டாக்டர், கொஞ்சம் பாருங்க டாக்டர் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னாள். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். நர்ஸம்மா, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்கத்தான் அவருக்கு வாய் வந்தது. அதைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. மறுநாள் எடுத்துக்கொண்டு போகும்போதும் அவள் கன்னம், வெயிலில் விளையாடிவிட்டு வந்தவளுடைய கன்னம் போலத்தான் இருந்தது. சூடாக இருக்கிற பிள்ளையை அனுப்பிவைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்பிவைத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு நர்ஸம்மா மகளுடைய அறைக்குள் போனாள். சார் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தலையணை வரை மூடியிருந்த போர்வையின் விளிம்பைத் தூக்கி அவர் கையை உள்ளே வைத்தாள். மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் எழுந்து போன ஒருத்தியின் இடம் போல. சாருக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. பலகையில் எழுதாமல் விட்ட வாக்கியம், அடித்து ஓய்ந்த மணி, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் சட்டென்று கையை வெளியே எடுத்துவிட்டார். சூடேறுதல் பாடத்தை நடத்தியாயிற்றே என்று மனைவியிடம் சொன்னார். நம் உடம்புச் சூடு இதில் ஏறும், ஏறினால் அவளுடையது எது நம்முடையது எது என்று தெரியாமல் கலந்துவிடும், ஆகவே தொடவே கூடாது. வாழ்க்கையில் அவர் நடத்திய பாடங்களிலேயே அவள் ஒரே தடவையில் புரிந்துகொண்ட பாடம் அதுதான். அன்றிலிருந்து அந்த அறையின் ஜன்னலை மூடி, வெயில் விழாமல் அட்டை வைத்து அடைத்தார்கள். தினமும் ஆளுக்கு ஒரு தடவை உள்ளே போய், போர்வையைத் தூக்கி, உள்ளங்கையைப் பள்ளத்துக்கு ஒரு விரல் மேலே காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தொட மாட்டார்கள். பிறகு மூடிவிட்டு வந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

சார் பள்ளிக்குத் திரும்பியபோது வெப்பத்தை விட்டுவிட்டு நேராக அடுத்த பாடத்துக்குப் போனார். பாவம் மனிதர், விட்டுத் தள்ளுங்கள் என்றது ஊர். முதல் சில வாரம் யாருக்கும் குறை இல்லை. பேக்கரிக்காரர் ஒரே தடவை அடுப்பு மூட்டி, எந்நேரமும் சூடான ரொட்டி என்று போர்டு எழுதி மாட்டினார். குளிக்க வெந்நீர் ஒருநாள் வைத்தால் வாரம் தாங்கியது. ஆனால் வெயில் என்று ஒன்று இருக்கிறதே. சுவர்கள் ஒரு பகலின் வெயிலை அடுத்த பகலின் வெயிலோடு சேர்த்து வைத்துக்கொண்டன. மழை பெய்தும் தார் ரோடு சுட்டது. வெல்டிங் பட்டறையில் வைத்த ஒட்டு இறுகவே இல்லை, இரும்புக் கேட்டுகளை மாட்டிய இடத்தில் ஒட்டுகள் தேன் மாதிரி நீண்டு தொங்கின. பஸ் இன்ஜின் ஒருமுறை கொதித்தால் கொதித்ததுதான். மலை ஏற முடியாமல் பாதி வழியில் வண்டிகள் வரிசையாக நின்றுபோயின. கடைசியில் காய்ச்சலுக்கு வந்தது. யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஏறுவதோடு சரி, இறங்குவதே இல்லை. மாத்திரை, ஊசி, ஈரத்துணி எதற்கும் அசையவில்லை. கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து விதியில் தானாக இறங்கிவிடும். இளவட்டங்களைத் தூக்கிப் போனார்கள், பிழைத்தார்கள். வயதான தபால்காரர் வழியிலேயே இறந்துபோனார். சார் அவர் சாவுக்குப் போய் ஒரு மூலையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து, போர்வையைத் தூக்கிக் கையைக் காற்றில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து நல்ல பேர் எடுத்த வாத்தியார் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் திரை கட்டி, படம் ஓட்டி, குளிர்தல் பாடத்தை அருமையாக நடத்தினார்; பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே வந்து பார்த்தால் அவருக்கென்று ஊற்றி வைத்த காபி சுட்டது. புதிதாகச் சொல்லிக்கொடுப்பது வேறு, ஏற்கெனவே தெரிந்ததை ஞாபகப்படுத்துவது வேறு, நடத்தியவர்தான் ஞாபகப்படுத்தவும் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. இருந்தும் சாரிடம் போய் யாரும் கேட்கவில்லை. படுக்கை விஷயம் யாருக்கும் தெரியாது. பிள்ளை செத்த நாளில் நின்ற பாடம், அதை எடுக்க மனுஷனுக்கு எப்படி வாய் வரும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு வியர்த்தார்கள்.

அடுத்த ரிவிஷன் வந்தது. சூடேறுதல் முடிந்த மறுநாள் ஊரில் பாதி வேலை நடக்கவில்லை. பள்ளி மதில் ஓரமாக ஆட்கள் ஏதோ வேலையாக வந்தவர்கள் போல நின்றார்கள். வெல்டர் கையில் ஒரு கோப்பை டீயோடு வந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் வகுப்புக்குள் போனார், பலகையைத் துடைத்தார், ஒரு மணியை வரைந்து அதைச் சுற்றி வளையங்கள் போட்டார். ஒலிப் பாடம். மதில் ஓரத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். இந்த வருடமும் சாய்ஸ் என்று வெல்டர் சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

பேக்கரிக்காரரின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது அந்த வாரம்தான். மலை தாண்டித் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அத்தனை வெயிலில் அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். குழந்தை நர்ஸம்மாவின் வார்டில் கிடந்தது. பேக்கரிக்காரர் தினமும் காலையில் சார் வீட்டு வாசலில் எப்போதும் போல ரொட்டி வைத்துவிட்டுப் போனார். கதவைத் தட்டியதும் இல்லை, நின்றதும் இல்லை. அதுதான் சாரால் தாங்க முடியவில்லை. ரொட்டியைப் பிரிக்காமல் மேசைமேல் வைப்பார். அது அங்கேயே சுட்டுக்கொண்டிருக்கும்.

பரீட்சைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், மத்தியானம், நர்ஸம்மா டியூட்டியிலிருந்து வந்தாள். கை கால் கழுவவில்லை. நேராக மகள் அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போர்வையைத் தூக்கவில்லை. சார் வாசற்படியில் வந்து நின்றார்.

“அந்தக் கொழந்தைக்கு இன்னைக்கும் எறங்கல. என் விரலையே புடிச்சிக்கிட்டு கெடக்குது. கையை உருவிட்டு வர எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.”

சார் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு அந்தப் பாடத்த எடுத்துடுங்க.”

“எடுத்தா இது போயிடும்” என்றார் சார். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. “இது ஒண்ணுதான் இருக்கு. போட்டோல சூடு இல்ல, துணியில இல்ல. இது போச்சுன்னா அவ போயிட்டான்னு ஆயிடும்.”

“அவ போய் ஒரு வருஷம் ஆச்சுங்க.”

அதை வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னவளும் அதிர்ந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு, சமையலறையில் கேட்ட பாடங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது போல மெதுவாகப் பேசினாள். இந்தச் சூடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், சும்மா காணாமல் போய்விடாது என்று நம் பாப்பா சொல்வாளே. குளிர்ந்ததற்குத்தான் கொடுக்கும் என்றும் சொல்வாள். அப்படியென்றால் அது ஏன் சுவருக்கும் தரைக்கும் போக வேண்டும்?

“நான் பக்கத்துல இருக்கேன். ஆழ்குழாய்த் தண்ணில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்ப வச்சா கை சில்லிடாது. நீங்க பாடத்த முடிச்சதும் சில்லிடும் இல்லையா? அப்ப எடுத்து இங்க வைக்கறேன். அவ குடுக்கறத நான் வாங்கிக்கறேன். வேற யாருக்கும் விட மாட்டேன்.”

முப்பது வருடமாக இயற்பியல் நடத்தியவர் அதில் பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். பிழை இருந்தால் தேவலை என்றுதான் தேடினார். கிடைக்கவில்லை. கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவள் எழுந்து வந்து அவரைத் தேற்றவில்லை. அவளுக்கும் அழ வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பீரியடில் சார் பலகையைத் துடைத்து ஒரு கோப்பை வரைந்தார். அதன் மேல் மூன்று ஆவிக் கோடுகள். ஜன்னலுக்கு வெளியே பியூன் துடைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். சார் டஸ்டரால் மேசையைத் தட்டினார். மகளுக்குப் பிறகு அவர் முதல் குரல் என்று யாரையும் வைக்கவில்லை. மற்ற பாடங்களில் தட்டியவுடன் எல்லோரும் சேர்ந்தே ஆரம்பித்துவிடுவார்கள். இன்று ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. அவள் நிற்கிற இடத்தில் நாம் எப்படி நிற்பது என்று ஒவ்வொரு பிள்ளையும் தலை குனிந்துகொண்டது. சார் இரண்டாம் தடவை தட்டினார். பிறகு டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, பலகைப் பக்கமிருந்து இறங்கி வந்து பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றுகொண்டு, அவளைப் போலவே பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“சூடானது தன் சூட்டை...”

அவள் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் அவரும் நிறுத்தினார். வகுப்பு எழுந்து நின்று மிச்சத்தைச் சொன்னது: குளிர்ந்ததற்குக் கொடுக்கும், இரண்டும் ஒன்றாகும் வரை கொடுக்கும். மணி அடித்தது. ஊர் முழுக்கச் சுவர்கள் ஏதோ முறிவது போன்ற சத்தத்தோடு சூட்டை வெளியே விட்டன. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த வெயில் தெருவில் ஒரு காற்றாகக் கிளம்பி, காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் கொடியோடு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது. வெல்டர் வைத்த ஒட்டு கண்ணெதிரே கறுத்து இறுகியது. காய்ச்சல் வார்டில் பேக்கரிக்காரரின் குழந்தைக்கு நெற்றியில் வேர்த்து, அது தூங்க ஆரம்பித்தது.

சார் அடுத்த பீரியடுக்கு இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது கட்டில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது, தரையெல்லாம் ஈரம். நர்ஸம்மா முழங்காலிட்டு, முழங்கை வரை போர்வைக்குள் விட்டு, கன்னத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. வாளியில் விரல்கள் மரத்துப்போன அந்த நொடியே பாடம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னாள். கையை எடுத்து வைத்ததும் சூடு தானாக ஏறி வந்ததாம், பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை தூக்கத்தில் நகர்ந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. முதலில் தோள் இருந்த இடம், அப்புறம் முதுகு, கடைசியில் கால் மடித்துத் தூங்குவாளே அந்த இடம், ஒவ்வொன்றாகக் கை வைத்து வாங்கிக்கொண்டேன், ஒன்றையும் விடவில்லை என்றாள். சார் போர்வைக்குள் கையை விட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் அந்த மெத்தையைத் தொட்டது அப்போதுதான். அது தரையைப் போல, மேசையைப் போல, யாரும் படுக்காத எந்த மெத்தையையும் போலச் சில்லென்று இருந்தது. அவர் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா கைகளை வெளியே எடுத்து அவர் முகத்தின் இரண்டு பக்கமும் வைத்தாள். அவருக்கு அந்தச் சூடு தெரிந்தது. காற்றில் ஒரு விரல் தள்ளி நின்று ஒரு வருடமாகப் பார்த்த சூடு. இருவரும் இருட்டும் வரை அப்படியே இருந்தார்கள். பிறகு அவள் எழுந்து மகளின் போர்வையை உதறி மடித்து அலமாரியில் வைத்தாள்.

அதன் பிறகு டீ ஆறிப்போகிறது என்று ஊர் பழையபடி அலுத்துக்கொண்டது. ஃபிரிட்ஜுக்குள் இருந்த செருப்புகள் வெளியே வந்தன. பேக்கரிக்காரர் போர்டை இறக்கிவிட்டு அதன் பின்பக்கத்தில் விலைப்பட்டியல் எழுதினார். ரிவிஷன் சார் ஓய்வு பெறும் வரை குளிர்தல் பாடத்தை ஒரு வருடமும் விடவில்லை. அந்தப் பாடத்துக்கு மட்டும் முதல் குரலாக அவரே நின்றார், எந்தப் பிள்ளையும் அதற்குப் போட்டி போடவில்லை. நர்ஸம்மாவின் உள்ளங்கைகள் மட்டும் ஆறவில்லை. பனிக்கட்டியைத் தொட்டுவிட்டு வந்தாலும், மழையில் நனைந்துவிட்டு வந்தாலும் அவை இளஞ்சூடாகவே இருந்தன. பாடத்தின்படி அது நடக்கக் கூடாது, இரண்டும் ஒன்றான பிறகு அதுவும் மெல்லமெல்லக் காற்றுக்குப் போயிருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து வாத்தியார் ஒருமுறை அதைக் கேள்விப்பட்டு விளக்கம் கேட்டு வந்தபோது, ஊர்க்காரர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். வார்டில் அழுகிற குழந்தையை அவளிடம்தான் கொடுப்பார்கள். முதுகில் அந்தக் கை பட்டதும் அது அடங்கிவிடும். அவள் ஊசி போடுவாள், கட்டுப் போடுவாள், இரவெல்லாம் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணிப் பத்துப் போடுவாள். தெர்மாமீட்டரை மட்டும் அவள் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது எந்த நோயாளியின் காய்ச்சலையும் காட்டாது, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தூங்கி எழுந்த சூட்டைக் காட்டும். அதனால் அந்த வேலையைப் பக்கத்து வார்டு நர்ஸ் வந்து செய்துவிட்டுப் போகிறாள்.